கஞ்சிக்கு அரிசி கீழ இருக்கு

சீசன் நேரத்தில் தென்காசியில் இறங்கினால் முதலில் வரவேற்பது சாரல்தான். அதை மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் நாலு பேர் சிரிப்பார்கள். பிடிக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் சட்டை ஈரம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று, கேரளாவில் கொட்டித் தீர்த்தது போக மிச்சத்தை இந்த ஊரின் மேல் உதறிவிட்டுப் போகிறது. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய காசி விஸ்வநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்று பாருங்கள். அந்தக் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். குளித்துவிட்டு ஐந்தருவிச் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு பாட்டி சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலைந்து பாட்டில் தேன், கொஞ்சம் கிழங்கு, பெயர் தெரியாத காய்ந்த வேர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

ஒரு கார் வந்து நின்றது. தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு ஒருவர் இறங்கினார். ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரு தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசினார். நல்ல தேன் என்றால் குச்சி பற்றிக்கொள்ளுமாம். சாரல் அடிக்கிற ரோட்டில், ஈரக் கையால், ஈரப் பெட்டியில் உரசினால் எந்தக் குச்சிதான் பற்றும்? 'சர்க்கரைப் பாகு' என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பாட்டி எதுவும் பேசவில்லை. முந்தானையால் பாட்டிலைத் துடைத்து பழைய இடத்தில் வைத்தார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தேன்.

"மேல இதெல்லாம் நெறைய கிடைக்குமா பாட்டி?"

"ஏன் கிடைக்காது சாமி? தேன் இருக்கு, கெழங்கு இருக்கு, பலா இருக்கு. மலையில என்ன இல்ல?"

"அப்புறம் எதுக்கு இந்தச் சாரல்ல வந்து உக்காந்திருக்கீங்க?"

கேட்டு முடிக்கும்போதே அது அசட்டுக் கேள்வி என்று தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"கஞ்சிக்கு அரிசி கீழதான இருக்கு சாமி" என்றார்.

ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினேன். அந்த ஒரு வாக்கியம் கூடவே வந்தது. இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பஸ் மேலகரத்தைத் தாண்டும்போதுதான் பொறி தட்டியது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அந்தப் பாட்டி சொன்னதை முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு குறத்தி சொல்லியிருக்கிறாள், குற்றாலக் குறவஞ்சியில்.

குற்றாலக் குறவஞ்சியைத் தெரியாத தமிழர் குறைவு. முழுசாகப் படித்தவர் அதைவிடக் குறைவு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நூல். மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இதற்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ஒரு புத்தகத்தின் பெயரில் நிலம் இருப்பது நம் ஊரில் அபூர்வம். 1944ல் ருக்மிணி தேவி இதைக் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக்கினார். 1994ல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் நாம் கேட்டு மயங்கிய ஒரு பாட்டின் வரிகள், இதில் வசந்தவல்லியின் அழகைப் பார்த்து வியக்கிற இடத்தில் வருபவை. கோயில், சபா, சினிமா என்று மூன்றிலும் நுழைந்த பழைய புத்தகம் வேறு எத்தனை இருக்கிறது?

கதை சின்னது. குற்றாலநாதர் வீதியுலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைப் பார்த்துக் காதல் கொள்கிறாள். நிலாவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது மலையிலிருந்து சிங்கி என்ற குறத்தி வருகிறாள். தன் மலையின் வளம் சொல்லி, கை பார்த்து, உன் மனசில் இருப்பவர் குற்றாலநாதர்தான் என்று குறி சொல்கிறாள். பரிசு வாங்கிப் போகிறாள். அவளைக் காணாமல் அவள் புருஷன் சிங்கன் ஊரெல்லாம் தேடுகிறான். கடைசியில் கண்டுபிடிக்கிறான். சுபம்.

இதில் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது மலைவளப் பாட்டு. குரங்குகள் பழத்தை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று கொஞ்சும், அவை சிந்துகிற பழத்துக்கு மேலுலகமே கெஞ்சும், அருவி நீர் வானம் வரைக்கும் எழும்பி சூரியனின் குதிரைக் கால்களையே வழுக்கவைக்கும் என்று போகும். மனப்பாடப் பகுதி. ஐந்து மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட பாட்டு, நாற்பது வயதுக்கு மேலும் நாக்கில் நிற்கிறது. அதுதான் கவிராயரின் தாளத்துக்கு இருக்கிற சக்தி.

குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ரசிக்கக் கற்றுக்கொடுத்தவர். கவிதை கண்ணுக்கு இல்லை, காதுக்கு என்று தமிழர்களுக்கு நினைவூட்டியவர். அந்தக் கடன் நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் காதால் மட்டும் கேட்டுப் பழகினால் ஒரு ஆபத்து இருக்கிறது. தாளம் இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில் பாடுகிறவளின் வயிறு நமக்குத் தெரியாமல் போய்விடும்.

பள்ளிக்கூடப் பாடம் மலைவளத்தோடு நின்றுவிடுகிறது. புத்தகம் நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் புரட்டினால் அதே சிங்கி, அதே துள்ளலோடு தன் திறமையைச் சொல்கிறாள். என்ன குறி வேண்டுமானாலும் சொல்வாளாம். எதிர்த்து நிற்பவரை ஜெயிப்பாளாம். ராஜாக்களே மெச்சுவார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கஞ்சி கேட்கிறாள். கஞ்சி இல்லையென்றால் கூழாவது கொண்டுவா என்கிறாள். பெரிய குடுக்கை நிறைய இருந்தாலும் குடித்துவிடுவாளாம். வெற்றிலை பாக்கும் வேண்டுமாம்.

எந்த மலையிலிருந்து வந்தவள் இவள்? சிந்துகிற பழத்துக்கு மேலுலகம் கெஞ்சுகிற மலை. அந்த மலைக்காரி கீழே வந்து கூழுக்கு நிற்கிறாள். இரண்டையும் ஒரே வாயால் சொல்லவைத்திருக்கிறார் கவிராயர். தெரிந்து செய்தாரா, அவர் கை தானாகச் செய்ததா என்று நான் விவாதிக்க வரவில்லை. இரண்டும் புத்தகத்தில் இருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோம். குற்றாலக் குறவஞ்சியை இயற்கை வர்ணனை என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இருக்கிற சண்டை இதுதான்.

இன்னொன்றும் கேட்கிறாள் சிங்கி. கப்பலில் வந்த சீனத்துச் சரக்கில் ஒரு துளி. அது என்ன சரக்கு என்பது இங்கே முக்கியமில்லை. மலைமேல் வாழ்கிறவள், வெளியுலகம் தெரியாதவள் என்று நாம் நினைக்கிற பெண்ணுக்கு, சீனாவிலிருந்து கப்பலில் என்ன வந்து இறங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. நாகரிகம் தொடாத மலை என்று ஒன்று நம் கற்பனையில்தான் இருக்கிறது. தேன் கீழே போகும், சீனச் சரக்கு மேலே வரும். நடுவில் சந்தை.

அவளுடைய மலைகளின் சொந்தபந்தத்தைக் கேளுங்கள். கொல்லிமலை தங்கச்சியின் மலை. பழனிமலை புருஷனுடைய காணி. விந்தியம் அப்பாவுடையது. இமயம் அண்ணனுடையது. சாமிமலை மாமியாருடையது. இந்தியாவின் வரைபடத்தையே குடும்ப அட்டை மாதிரி விரித்துவைக்கிறாள். நகரத்துப் பெண் வசந்தவல்லிக்குத் தெரிந்த உலகமோ, அவள் பந்தாடுகிற தெரு அளவுதான்.

குறி சொல்கிற இடமும் எனக்குப் பிடிக்கும். உனக்குக் காதல் என்று சிங்கி சொன்னதும் வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. கன்னிப் பெண்ணைப் பார்த்து என்ன பேச்சு என்று சீறுகிறாள். சிங்கி பின்வாங்குவதில்லை. பெரிய இடத்துப் பெண், பரிசு தரப்போகிறவள், அவளிடமே அவள் மனசில் இருப்பதை நேருக்கு நேர் சொல்கிறாள். நகரத்துப் பெண் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை, மலைப்பெண் கூலிக்குச் சொல்லித் தருகிறாள். தேன், கிழங்கு மாதிரி இதுவும் மலையிலிருந்து இறங்குகிற ஒரு சரக்குதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வசந்தவல்லி வருகிற பாதி, பழைய அச்சில் வார்த்தது. நிலாவையும் தென்றலையும் திட்டுவது கவிராயருக்கு முன்பும் பல நூறு தடவை நடந்த காரியம். உலா பார்க்க ஓடிவரும் பெண்கள் ஆடையும் நகையும் மாறிப்போட்டுக்கொண்டு வருவதும் அப்படித்தான். அந்தப் பக்கங்களை இன்றைக்கு நான் வேகமாகப் புரட்டிவிடுகிறேன். சிங்கன் பகுதியில் கீழ்நாட்டுக்காரர்கள் மலைக்காரனைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வைத்த இடங்கள் உண்டு. கவிராயர் மேலகரத்துக்காரர், கோயில் வித்வான். மலையில் வாழ்ந்தவர் இல்லை. சிங்கியின் குரல் சிங்கியுடையது இல்லை, அவளைப் பார்த்தவருடையது. இதை மறந்துவிட்டு இதுதான் பழங்குடியின் குரல் என்று கொண்டாடினால் நாம் ஏமாந்தவர்கள்.

இருந்தாலும் பாருங்கள், தமிழில் குறவஞ்சிகள் எத்தனையோ உண்டு. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் பேரில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி இருக்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி இருக்கிறது. அவற்றின் பெயர் இலக்கிய வரலாற்றில் நிற்கிறது. இது ஒன்றுதான் ஊர் வாயில் நிற்கிறது. ஏன்? கவிராயர் கேலி செய்ய ஆரம்பித்த இடத்திலும் நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறார். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரே ஒரு இடம் போதும். ரொம்ப நாள் தேடிச் சிங்கியைக் கண்டுபிடிக்கிறான் சிங்கன். அவள் உடம்பில் அவனுக்குத் தெரியாத சாமான்கள் மின்னுகின்றன. கேட்கவும் பயமாக இருக்கிறது. அவள்தான் தைரியம் சொல்லிக் கேட்கவைக்கிறாள். காலைச் சுற்றி விரியன் பாம்பு கிடக்கிறதே என்கிறான். அது சேலத்தில் குறி சொல்லி வாங்கின சிலம்பு. மண்புழு மாதிரி நெளிகிறதே? பாண்டியன் மகள் கொடுத்த பாடகம். சுண்டு விரலில் பூச்சி சுருண்டு கிடக்கிறதே? கண்டி தேசத்தில் கிடைத்த காலாழி. வாழைக் குருத்தை விரித்து மடித்தது யார்? அது திருநெல்வேலிக்காரர்கள் தந்த சல்லாப் புடவை.

கூத்தில் இது சிரிப்புக் காட்சி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஆனால் சிங்கன் முட்டாள் இல்லை. அவன் காட்டை வைத்து நகரத்தைப் படிக்கிறான். பாம்பு, புழு, பூச்சி, குருத்து. அவனிடம் இருக்கிற அகராதி அது. நாம் மலைக்குப் போனால் என்ன செய்கிறோம்? அருவியைப் பார்த்து 'ஷவர் மாதிரி இருக்கு' என்கிறோம். அவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை?

சிங்கியின் பதில்களைச் சேர்த்துப் பாருங்கள். சேலம், திருநெல்வேலி, கடல் தாண்டிக் கண்டி. ஒரு உழைக்கிற பெண் எங்கெங்கே நடந்தாள், எங்கே எவ்வளவு சம்பாதித்தாள் என்கிற கணக்குப் புத்தகம் அது. சிங்கனின் குரலில் சந்தேகமும் இருக்கிறது. வேலைக்குப் போய் வந்த பெண்ணிடம், இது எங்கே கிடைத்தது என்று கேட்கிற புருஷன். ஒவ்வொன்றுக்கும் ஊர் பேரோடு பதில் சொல்கிறாள். எதையும் மறைக்கவில்லை. எதற்கும் தலை குனியவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தமிழில் சொந்தக் காலில் நடந்து சம்பாதித்த ஒரு பெண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்குத்தான் வரவேண்டும்.

இனி வருவது புத்தகத்தில் இல்லாத கதை. 1871ல் வெள்ளைக்காரர்கள் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள் என்றாலே சந்தேகம். பதிவு செய், ஆஜராகு, அனுமதி இல்லாமல் நகராதே. சிங்கி பெருமையாகச் சொன்ன அந்த நடை, அவள் வாரிசுகளுக்குக் குற்றமாகிவிட்டது. இந்தியா முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது 1952ல்தான்.

அது அமலில் இருந்த நாட்களிலேயேதான், 1944ல், கலாக்ஷேத்ராவில் குறத்தி ஆடினாள். அந்த நாட்டிய நாடகத்தைக் குறை சொல்லவில்லை. மறந்துகொண்டிருந்த ஒரு நூலை மேடைக்குக் கொண்டுவந்த பெரிய காரியம் அது. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேடையில் குறத்திக்குக் கைதட்டல். வெளியே குறவருக்கு ஆஜர் பட்டியல்.

தென்காசிப் பக்கத்தில் மலைக்கும் சந்தைக்கும் உள்ள கணக்கு இன்னும் முடியவில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து நம் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்து எத்தனையோ வருஷமாகியும் பிரானூரில் 'பார்டர்' என்ற பெயர் நகரவில்லை. பார்டர் பரோட்டா சாப்பிடாமல் யாரும் குற்றாலத்திலிருந்து திரும்புவதில்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் கணவாய் ஏறிக் கேரளா போகின்றன. 1904ல் போட்ட செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2018ல் அகலப் பாதையாகி மறுபடி ஓடுகிறது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. சந்தை பெரிதாகியிருக்கிறது, நல்லதுதான்.

மலைக்கு என்ன கிடைத்தது? 2006ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடிகளுக்குத் தேன் மாதிரியான பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆனால் கீழே இறங்கி வந்தால் ஒரு தீக்குச்சி காத்திருக்கிறது. சிங்கி சொன்ன குறியை வசந்தவல்லி கோபப்பட்டாலும் கடைசியில் நம்பினாள். பொன்னும் மணியும் கொடுத்து அனுப்பினாள். நாம் மலையின் தண்ணீரில் தலை நனைத்துவிட்டு, மலைக்காரியின் தேனைச் சர்க்கரைப் பாகு என்கிறோம்.

அதனால் ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடப் பாடத்தில் மலைவளப் பாட்டு தாராளமாக இருக்கட்டும். பிள்ளைகள் தாளம் போட்டுப் பாடட்டும். கூடவே அந்தக் கஞ்சி கேட்கிற பாட்டையும் சேர்த்து அச்சடித்தால் என்ன? ஒரு பக்கம் கூடுதலாகும். அவ்வளவுதான். இவ்வளவு வளமான மலையிலிருந்து வந்தவள் ஏன் டீச்சர் கூழ் கேட்கிறாள் என்று ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். அந்தக் கேள்விக்கு டீச்சர் திணறட்டும், நாமும் திணறுவோம். குறவஞ்சியை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்ததாக அர்த்தம்.

அன்றைக்கு வாங்கின தேன் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கையில் வாங்கிய மனைவி, "நல்ல தேன்தானா? டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் கசந்து, பிறகு இனித்ததாம்.